முக்காட்டைத் தூக்காதவன்

அத்தியாயம் ஒன்பது

கதவைத் தட்டும் சத்தம் கேட்டதும் செலினாவின் கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

கேனட் கோவ் என்ற அந்தக் குடாவில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. தாழைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே வருவார்கள். பூட்ஸில் ஒட்டிய பனியை உதறுவார்கள். அடுப்புப் பக்கத்தில் சௌகரியமாக உட்கார்ந்த பிறகுதான் வந்த சேதியைச் சொல்வார்கள். தட்டுகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று வெளியூர்க்காரர்கள். இன்னொன்று, கிறிஸ்துமஸ் நாட்களில் வேஷம் கட்டிக்கொண்டு வருகிறவர்கள்.

வேஷக் காலம் முடிந்துவிட்டது. அப்படியானால் வெளியூர்க்காரர். அந்தக் குடாவில் இப்போது வெளியூர்க்காரர் ஒரே ஒருவர்தான்.

“உள்ள வாங்க, கான்ஸ்டபிள்.”

கான்ஸ்டபிள் ஃபெர்ரியர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். சின்ன வயசு. கோதுமை விளையும் சமவெளிக்காரர். இங்கே வேலைக்கு வரும்வரை கடலையே பார்த்தது இல்லையாம். பக்கத்து வீட்டு ட்ரைஃபி அத்தை அடுப்பருகே உட்கார்ந்து கையுறை பின்னிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் நாற்காலியை ஒரு அங்குலம்கூட நகர்த்தவில்லை.

“கப்பல் இன்னைக்கே வருது மிசஸ் பார்டி. துறைமுக வாயில ஐஸ் விலகிடுச்சாம். சாயங்காலத்துக்குள்ள உங்க தம்பியை ஏத்தி அனுப்பணும். செயின்ட் ஜான்ஸ்ல மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும்.”

செலினா மாவைப் பார்த்தபடியே கேட்டாள். “ஸ்கிப்பர் ஆம்ப்ரோஸ் எப்படி இருக்காரு?”

“ஆஸ்பத்திரியிலேர்ந்து தந்தி வந்துச்சு. இன்னும் நினைவு வரலை.”

 அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியது இல்லை. வியாபாரியின் மீன் கிடங்கு எரிந்தது ஒரு கதை. ஊரே ஸ்கிப்பர் என்று கூப்பிடும் காவல்கார ஆம்ப்ரோஸ் கிழவர் அந்தப் புகையில் விழுந்து கிடந்தது வேறு கதை. கிழவர் கண் திறந்தால் தம்பி லியாண்டருக்குச் சிறை. திறக்காவிட்டால் தூக்கு.

“ஏதாவது கம்பளித்துணி கொண்டுவந்து குடுங்க. இப்ப வந்தா அஞ்சு நிமிஷம் பேசலாம். இதுவரைக்கும் விட முடியலை. நீங்க சாட்சி ஆச்சே.”

சாட்சி. அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் செலினாவுக்கு வாயில் உப்புக் கரித்தது.

கான்ஸ்டபிள் கிளம்பினார். துறைக்குப் போகப் பின்வழி குறுக்கு என்று பின்கதவுப் பக்கம் போனார். இழுத்தார். வரவில்லை. தோளைக் கொடுத்து முட்டினார். அப்போதும் வரவில்லை.

“அது ஈரத்துல ஊதிக்கும்,” என்று செலினா எழுந்து போனாள். கதவின் அடியில் முழங்காலை வைத்து அழுத்தி, அதே மூச்சில் தாழை மேலே தூக்கினாள். திறந்துகொண்டது.

“இதுக்கு ஒரு படிப்பே படிக்கணும் போல,” என்று சிரித்துவிட்டுப் போனார் அவர்.

அவர் காலடிச் சத்தம் தேய்கிறவரை ட்ரைஃபி அத்தை ஊசியை நிறுத்தி வைத்திருந்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

“நல்ல பிள்ளைதான். ஆனா நம்ம ஊரு விளையாட்டு அதுக்கு என்ன தெரியும்? யாரு வந்தாங்கன்னு கேட்டுச்சு. நீ பேரைச் சொன்னே. எழுதிக்கிச்சு.”

“விடு அத்தை.”

“விட்டுட்டேன். ஆனா அன்னைக்கு ராத்திரி இங்க உக்காந்திருந்தப்பவே எனக்கு ஒண்ணு உறுத்துச்சு. அவன் முக்காட்டைத் தூக்கலையே.”

செலினா திரும்பிப் பார்த்தாள்.

“நீ லியாண்டர்னு சொன்னே. அவன் தலையை ஆட்டினான். சரி. ஆட்டினா முகத்தைக் காட்டணுமா இல்லையா? என் தாத்தா காலத்துலேர்ந்து அதானே முறை? சரியா சொன்னா துணியைத் தூக்கணும், ஒரு வாய் பழச் சிரப்பு குடிக்கணும், கேக்கு தின்னணும். அவன் ஒண்ணுமே தொடாம போயிட்டான்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“என்னை யாரு கேட்டா? நான் ஒண்ணும் கண்டுபிடிக்கறதுல ராணி இல்லையே கண்ணு. நீதானே ராணி.”

 ராணிதான். ஊரே செலினாவை அப்படித்தான் சொல்லும். தலையணையைக் கட்டி முதுகைக் கூனாக்கிக்கொண்டு வந்தாலும், ஆண்கள் பாவாடை கட்டி வந்தாலும், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசி குரலை மாற்றினாலும், செலினா அடுப்புப் பக்கம் நின்று ஒரு பார்வை பார்ப்பாள். “உக்காரு கார்லண்ட், உன் பெருவிரல் உன்னைக் காட்டிக் குடுத்துருச்சு,” என்பாள். வேஷக்காரர்கள் அவள் வீட்டுக்குக் கடைசியாகத்தான் வருவார்கள். அவளை ஏமாற்றிவிட்டால் அந்த வருஷம் முழுக்கப் பேச்சு.

அன்று மாலை வந்தது இரண்டு பேர், தனித்தனியாக. ஒன்று மணப்பெண். ஜன்னல் திரைச்சீலையை முகத்தில் போட்டு, உடம்பு முழுக்கச் சாக்குத்துணி சுற்றி, இடுப்பை ஒடித்து ஒடித்து நடந்தது. இன்னொன்று, முகத்தில் தலையணை உறையும் மேலே மழைக்கு நனையாத எண்ணெய்க்கோட்டும் போட்டுக்கொண்டு பின்கதவுப் பக்கமே நின்றது.

அந்தக் கோட்டு முழங்கையில் ஒரு ஒட்டு இருந்தது. பச்சை நூலில் போட்ட ஒட்டு. கறுப்பு நூல் தீர்ந்துபோனதால் பச்சையில் போட்டுக் கொடுத்தவள் செலினாதான்.

ஆளைப் பார்க்கவில்லை. நூலைப் பார்த்தாள். “லியாண்டர்!” என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

மறுநாள் காலையில் கிடங்கு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. கான்ஸ்டபிள் வந்து, நேற்று வீட்டுக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்டபோது, ஏன் கேட்கிறார் என்றுகூட அவள் யோசிக்கவில்லை. ரொட்டியை அடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னாள். என் தம்பி வந்தான், கோட்டைப் பார்த்ததுமே கண்டுபிடிச்சுட்டேன், எங்கிட்ட நடக்குமா என்றாள்.

லியாண்டரோ, என்னைக் கிடங்கு வேலையிலிருந்து துரத்தின நாளிலிருந்து அந்தக் கோட்டு அங்கே ஆணியிலேயே தொங்குகிறது, நான் தொடவே இல்லை என்று சொல்லியிருந்தான். பாதி எரிந்த கோட்டு கிடங்குக்குள் கிடைத்தது. அவன் சொன்னதைப் பொய்யாக்க அவன் அக்காவின் ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

மாவை ஈரத்துணியால் மூடிவிட்டு செலினா ஷாலை எடுத்தாள்.

“ரொட்டி?” என்றாள் அத்தை.

“நீயே போட்டு எடு.”

*

கான்ஸ்டபிள் வீட்டின் பின்னறைதான் சிறை. உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கும் அறை. ஜன்னலில் கம்பி புதிதாக அடித்திருந்தார்கள். லியாண்டர் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

“வா அக்கா. உக்கார இடம் இருக்கு. எந்த மூட்டை வேணும்?”

அவளுக்கு அழுகை வந்தது. கம்பளிச் சட்டையை நீட்டினாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

“ரொட்டி கொண்டு வரலையா?”

“பாதி மாவுல விட்டுட்டு வந்தேன்.”

“ட்ரைஃபி அத்தை கையிலயா? அப்ப கப்பலுக்கு நங்கூரம் ரெடி.”

செலினா சிரிக்கவில்லை. “லியாண்டர், நீ ஏன்டா அன்னைக்கு முக்காட்டைத் தூக்கலை? தூக்கியிருந்தா நான் உன்கூட ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். உன்னை உக்கார வச்சிருப்பேன். நீ அங்க போயிருக்கவே மாட்டே.”

அவன் அவளையே பார்த்தான். அவன் முகத்திலிருந்த வேடிக்கை மெல்ல வடிந்தது.

“நீயும் அப்படித்தான் நினைக்கறியா? நிஜமாவே? அது நான்னு?”

“கோட்டு உன்னுதுதானே?”

“கோட்டு என்னுது. உள்ள இருந்தது நான் இல்லை.” குரலைத் தாழ்த்தினான். “அக்கா, நான் அந்த மணப்பொண்ணு.”

கதவுக்கு வெளியே கான்ஸ்டபிளின் பூட்ஸ் நகரும் சத்தம் கேட்டது. 

“நீ அவனைப் பாத்து லியாண்டர்னு கத்தினே பாரு. எனக்கு வயிறு வெடிச்சுரும் போல இருந்துச்சு. விறகுப்பெட்டி மேல உக்காந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சேன். பாத்தியா இல்லையா?”

பார்த்தாள். மணப்பெண் முன்னும் பின்னும் ஆடியது. திரைச்சீலை வாய்க்குள் போய்ப் போய் வந்தது. இது ஏன் இப்படிச் சிரிக்கிறது, குடித்துவிட்டு வந்திருக்கிறதா என்று நினைத்தாள்.

“ஊருல ஒரு வீடு பாக்கி இல்லை. ஒருத்தருக்கும் என்னைத் தெரியலை. உன் வீட்டுலயும் தெரியலை. இதைவிட ஒரு கிறிஸ்துமஸ் வருமான்னு துள்ளிக்கிட்டு வீட்டுக்குப் போய் படுத்தேன்.” அவன் தாடியைச் சொறிந்தான். “காலையில கான்ஸ்டபிள் வந்து, அந்த நேரம் நீ எங்க இருந்தேன்னாரு. வேஷத்துல இருந்தேன்னேன். யாரு பாத்தாங்கன்னாரு. எல்லாரும் பாத்தாங்க, யாருக்கும் தெரியாதுன்னேன். நான் கிண்டல் பண்றேன்னு அவருக்குக் கோவம்.”

“என் வீட்டுக்கு வந்தேன்னு சொன்னியா?”

“அதைச் சொல்லித்தான் மாட்டிக்கிட்டேன். அக்கா வீட்டுலதான் இருந்தேன், அவங்களையே கேளுங்கன்னேன். அவரு உன்னைக் கேட்டாரு. நீயும் ஆமான்னே. மணப்பொண்ணு நான்னு அப்புறம் சொன்னப்ப, பேச்சை மாத்தறேன்னாரு.”

செலினா மூட்டை மேல் உட்கார்ந்தாள். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போனதாம். கான்ஸ்டபிள் வேறு என்ன செய்வார்?

“என்னத்தடா கட்டிக்கிட்டு வந்தே?”

அவன் தலையைக் குனிந்தான். “திட்டாதே. அம்மாவோட கல்யாணக் கவுனு.”

“பெட்டி பூட்டியிருக்கே. சாவி எங்கிட்டல்ல இருக்கு.”

“பின்னாடி கீலைக் கழட்டினேன். திரும்ப மாட்டிட்டேன். நீ தொடக்கூடாதுன்னு சொன்னே, தெரியும். உள்பக்கத்தை வெளிய திருப்பிப் போட்டு, மேல சாக்கைச் சுத்திக்கிட்டேன், நீ கண்டுபிடிச்சுரக் கூடாதுன்னு. அப்பவும் நீ பாழாக்கிட்டே. துணியைத் தூக்க வைக்கலாம்னு சிரப்பை நீட்டி மடியில கொட்டினியே.”

கொட்டினாள். பிளூபெர்ரி சிரப்பு. மணப்பெண் போட்டிருந்த கம்பளிக் கையுறைக்குள் கண்ணாடித் தம்ளர் வழுக்கிவிட்டது. மணப்பெண் பதறி எழுந்து சாக்கை உதறியது. அடியில் ஏதோ வெள்ளைத்துணி தெரிந்தது. அவள் மேலே பார்க்கவில்லை. அதற்குள் அவள் கண் அந்தப் பச்சை நூலுக்குப் போய்விட்டது.

“அப்ப கோட்டுக்குள்ள யாருடா?”

லியாண்டர் ஜன்னல் கம்பியைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

“அவன் உன் பின்கதவு வழியா போனான் இல்லையா?” என்றான். “எனக்கே அந்தக் கதவு ரெண்டு தடவை ஆகும்.”

“என்ன சொல்றே நீ?”

“ஒண்ணும் இல்லை. நான் கண்டுபிடிக்கறதுல மட்டம் அக்கா. நீதான் கெட்டிக்காரி.”

கான்ஸ்டபிள் கதவைத் தட்டினார்.

*

அம்மாவின் வீடு மேட்டில் இருந்தது. லியாண்டர் தனியாக இருந்த வீடு. அவனைக் கூட்டிப்போன பிறகு யாரும் அடுப்பு மூட்டாததால் வாளித் தண்ணீர் உறைந்து கிடந்தது.

பெட்டியைத் திறந்தாள். கவுன் மேலாகவே இருந்தது, அவசரமாகச் சுருட்டியபடி. உள்பக்கம் இன்னும் வெளியே திரும்பித்தான் இருந்தது. விரித்தாள்.

மடிப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, கருநீலக் கறை.

இதே கறையை வேறு எந்த வருஷத்தில் பார்த்திருந்தாலும் அவனை விறகுக்கட்டையால் அடித்திருப்பாள். இப்போது கவுனை முகத்தில் வைத்துக்கொண்டாள். சிரப்பு வாசனை அப்படியே இருந்தது. அம்மாவின் கற்பூர வாசனை எங்கேயோ அடியில் இருந்தது.

அவன் அவள் வீட்டு விறகுப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். வீட்டு நாய் எழுந்து போய் அந்த மணப்பெண்ணின் காலடியில் படுத்ததே. நாய்க்குத் தெரிந்தது. ராணிக்குத் தெரியவில்லை.

கவுனை ஷாலுக்குள் சுற்றிக்கொண்டு இறங்கினாள். சறுக்கி விழாமல் எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

*

கான்ஸ்டபிள் கவுனை மேசையில் விரித்து வைத்துப் பார்த்தார். செலினா நின்றுகொண்டே எல்லாம் சொன்னாள். வேஷ முறையைச் சொன்னாள். சரியாகச் சொன்னால் முகத்தைக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் சொன்னது தப்பு என்று அர்த்தம் என்றாள். இதைச் சொல்லும்போது, இவ்வளவு சின்ன விஷயத்தை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கே புரியவில்லை.

“அவன் முக்காட்டைத் தூக்கலைன்னு அன்னைக்கு நீங்க எங்கிட்ட சொல்லலையே.”

“நீங்க கேக்கலை. இங்க எல்லாருக்கும் தெரிஞ்சது உங்களுக்கும் தெரியும்னு நினைச்சுட்டேன்.”

“உங்களுக்கே அன்னைக்குச் சந்தேகம் வரலையா?”

செலினா மேசையில் கிடந்த கவுனின் ஓரத்தை நீவிவிட்டாள். “வந்துச்சு,” என்றாள். “ஆனா எனக்குத் தப்பாகும்னு ஒத்துக்க மனசு வரலை. அவன் வேணும்னே வம்பு பண்றான்னு நினைச்சுக்கிட்டேன்.”

அவர் கறையை விரலால் தொட்டார். நல்லவர்தான். அவர் முகத்தில் இரக்கம் இருந்தது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

“மிசஸ் பார்டி, நான் உங்களை நம்பறேன். கிட்டத்தட்ட நம்பறேன். ஆனா மாஜிஸ்ட்ரேட் என்ன கேப்பாரு? அன்னைக்கு யோசிக்காம சொன்னது நிஜமா, இன்னைக்கு தம்பியைக் கப்பல் ஏத்தப்போறாங்கன்னு தெரிஞ்சு சொல்றது நிஜமான்னு கேப்பாரு. இந்தக் கவுனை யாரோ போட்டுக்கிட்டாங்க. சரி. அது உங்க தம்பிதான்னு எது சொல்லுது?”

“நாய் அவன் காலடியில போய் படுத்துச்சு.”

அவர் அதற்குச் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

“கோட்டுக்குள்ள இருந்தது யாருன்னு சொல்லுங்க. அந்த ஒரு பேரு இருந்தா இன்னைக்கே கப்பலை வெறுமனே அனுப்பிடறேன். கோட்டு கிடங்குல தொங்குச்சுன்னா, சாவி உள்ளவங்கதான் எடுத்திருக்க முடியும். சாவி மூணு பேர்கிட்ட. முதலாளி அன்னைக்கு ஊர்லயே இல்லை. ஆம்ப்ரோஸ் பேசற நிலைமையில இல்லை. மூணாவது உங்க வீட்டுக்காரர். அவரு விறகுக்காகக் காட்டுல இருந்தாரு, இல்லையா?”

“ஆமா,” என்றாள் செலினா. “மலைக்கு அந்தப் பக்கம். குடிசை போட்டு ரெண்டு நாள் தங்கிட்டு வருவாரு.”

“அதான். கப்பல் சரக்கு இறக்கி ஏத்த அந்தி ஆயிரும். அதுவரைக்கும் பாக்கறேன்.”

அவள் வாசல்வரை போனாள். நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்ன சொல்ல வந்தோம் என்று தெரியவில்லை. வெளியே வந்தாள்.

*

பாதையில் பனி கெட்டிப்பட்டிருந்தது. கீழே துறையில் எரிந்த கிடங்கின் கறுப்புத் தூண்கள் நின்றன. நாலைந்து பேர் சாம்பலை வாரிக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் அவள் புருஷன் ஹெட்லி. அவ்வளவு தூரத்திலும் அவளுக்குத் தெரிந்தது. குனிந்து நிமிரும்போது இடது கையை இடுப்பில் வைத்துக்கொள்கிறவன் அவன் ஒருவன்தான்.

அன்றைக்கு அடுப்படியில் நின்றவனும் இடது கையை இடுப்பில் வைத்திருந்தானா?

அவளுக்கு ஞாபகம் இல்லை. அவள் நூலைத்தானே பார்த்தாள்.

ஹெட்லி கிடங்கில் மீன் தரம் பிரிக்கிறவன். எந்த மீன் நல்ல குவியல், எந்த மீன் மட்டக் குவியல் என்பது அவன் வாயில் இருந்தது. நல்ல மீனையெல்லாம் மட்டத்தில் தள்ளச் சொல்கிறான் முதலாளி, நீயும் தள்ளுகிறாய் என்று எல்லார் முன்னாலும் லியாண்டர் கத்தியதில்தான் வேலை போனது. “என் மச்சான் வாயைத் திறந்தா போதும், கல்லு மீனாயிரும், மீனு கல்லாயிரும்,” என்று கத்தினானாம். ஹெட்லி அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. லியாண்டர் சொன்னது பொய் என்றும் சொல்லவில்லை.

வீட்டில் ட்ரைஃபி அத்தை இல்லை. மேசையில் ரொட்டி, அடி கருகி, ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. செலினா அடுப்பில் விறகு போடப் பெட்டியைத் திறந்தாள்.

பெட்டி பாதிகூட இல்லை.

இரண்டு நாள் காட்டில் இருந்தவன் சறுக்குவண்டியில் கொண்டுவந்தது, வந்த அன்றைக்கே இந்தப் பெட்டியை நிரப்பவில்லை. அதிலும் பாதி, பாதையோரத்தில் யார் வேண்டுமானாலும் முறித்துக்கொள்ளும் சுள்ளி. ஏன் இவ்வளவுதான் என்று அவள் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் தம்பியைப் பிடித்துப்போயிருந்தார்கள். யாருக்கு விறகு ஞாபகம்?

அன்றிலிருந்து ஹெட்லி அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தம்பி மேல் கோபமாக்கும் என்று நினைத்தாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். ஸ்கிப்பர் ஆம்ப்ரோஸ் எப்படி இருக்கிறார் என்று தினமும் கேட்டான். ஒரு நாளைக்கு மூன்று தடவைகூடக் கேட்டான். நல்ல மனசு என்று நினைத்தாள்.

செலினா பின்கதவுக்குப் போனாள். முழங்காலை வைத்தாள். தாழைத் தூக்கினாள். திறந்தது.

மூடினாள்.

வேஷக்காரன் அன்று இதே இடத்தில் நின்றான். அவள் “லியாண்டர்” என்றதும் தலையை ஆட்டினான். “முகத்தைக் காட்டுடா,” என்றாள். இரண்டாம் தடவையும் சொன்னாள். அவன் திரும்பி, கதவடியில் முழங்காலை வைத்து, ஒரே மூச்சில் திறந்துகொண்டு இருட்டில் இறங்கிவிட்டான். நின்று தடுமாறவில்லை. கதவைத் தேடவில்லை. எட்டு வருஷமாக தினமும் திறக்கிறவன் மாதிரி திறந்தான்.

அவள் அடுப்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

முதலில் விளையாட்டுக்குத்தான் வந்திருப்பான். பெண்டாட்டியை ஏமாற்றுவதைவிடப் பெரிய வெற்றி இந்த ஊரில் கிடையாது. காட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கிடங்கிலிருந்து ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு, சொந்த வீட்டுக் கதவைத் தட்டி, அவள் விழிப்பதைப் பார்த்துச் சிரிக்க வந்திருப்பான். அவள் “ஹெட்லி” என்று சொல்லியிருந்தால் துணியைத் தூக்கியிருப்பான். சிரப்பு குடித்திருப்பான். மணப்பெண்ணும் துணியைத் தூக்கியிருக்கும். மச்சானும் மச்சானும் ஒரே அடுப்படியில் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்திருப்பார்கள். ஒருவேளை பேசியிருப்பார்கள்.

அவள் வேறு பெயரைச் சொன்னாள். அவன் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு கிடங்கில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. லாந்தர் விழுந்ததா, விழவைத்தானா. ஆம்ப்ரோஸ் கிழவர் உள்ளே தூங்குவது தெரியுமா, தெரியாதா. இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். லியாண்டருக்கும் தெரியும். உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, கம்பியைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பெயரை அவளுக்காக அவன் விழுங்கிவிட்டான்.

துறைமுக வாயில் கப்பல் ஊதியது. ஒரு நீண்ட ஊதல். சரக்கு ஏற்றி முடித்ததும் இன்னொரு தடவை ஊதுவார்கள்.

ஷாலை எடுத்தாள். திரும்ப வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். ஒரு பெயர். அதைச் சொன்னால் ஒருவன் இறங்குவான், இன்னொருவன் ஏறுவான். ஒரு தடவை யோசிக்காமல் பெயர் சொன்ன வாய் இது. இப்போது யோசித்து யோசித்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது. மெதுவாக வந்தது. முன்வாசலில் நின்றது. பனியை உதறும் சத்தம் இல்லை. தாழ் அசையவில்லை. நாய் தலையைத் தூக்கிப் பார்த்து, வாலை இரண்டு தடவை தரையில் அடித்தது.

செலினா காத்திருந்தாள்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

வெளியூர்க்காரர் என்றால் நாய் குரைத்திருக்கும். வேஷக் காலமோ முடிந்துவிட்டது.

அவள் போய்க் கதவைத் திறந்தாள். அந்தி வெளிச்சத்தில் ஒருவன் தன் சொந்த வீட்டு வாசலில், உள்ளே வர அனுமதி கேட்கிறவன் மாதிரி நின்றான். கம்பளி மஃப்ளர் கண்வரை சுற்றியிருந்தது. அதில் சாம்பல் படிந்திருந்தது. இடது கை இடுப்பில் இருந்தது. 

இந்தத் தடவை அவள் துணியைப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள்.

“ஹெட்லி,” என்றாள்.

அவன் மஃப்ளரைக் கீழே இறக்கி, முகத்தைக் காட்டினான்.